இருபதில் மூன்று

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் தோட்டமும் கோழிகளும் சௌக்கியம். அங்கே நீயும் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. என் காதுதான் வழக்கம்போல. புதுக் கருவியை மாட்டினால் விசில் அடிக்கிறது, கோழிகள் மிரண்டு ஓடுகின்றன. போன் வேண்டாம், எழுதுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். எழுதுகிறவன் நீ ஒருவன்தான்.

நம் வீட்டு வழக்கம் நினைவிருக்கும். கேள்விகளை எண் போட்டுக் கடைசியில் எழுத வேண்டும். பதில் போடுகிறவர் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம்தான் சொந்தக் கதையை ஆரம்பிக்கலாம். அப்பா வெளியூர் வேலையில் இருந்தபோது போட்ட சட்டம். நீதான் அடிக்கடி மீறுவாய், அடியும் வாங்குவாய்.

இங்கே ஒரு புதுத் தலைவலி. எங்கள் பப்பாளியை எடுக்கிற கடைக்காரர்கள் இந்த வருடத்திலிருந்து பரிசோதனை வேண்டும் என்கிறார்கள். இயற்கை விளைச்சல் என்ற சான்றிதழ் மட்டும் போதாதாம். மரபணு மாற்றிய மரம் எதுவும் கலந்திருக்கக் கூடாதாம். சந்தையில் அந்த விதையும் தாராளமாகத்தான் கிடைக்கிறது, சாலைக்கு அந்தப் பக்கம் பாதிப் பேர் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் பதினொரு தோட்டம். தலைவர் நான் என்பதால் எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். செய்யட்டும், மடியில் கனமில்லை என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் கண்டக்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், பஸ்ஸில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்துவிட்டு எனக்குப் பக்கத்துத் தோட்டத்தை வாங்கியவர். "ஒரு சொட்டு மருந்து அடிக்கலை, உரமும் போடலைன்னா, எந்த விதையா இருந்தா என்னங்க? அதுவும் இயற்கைதானே?" என்றார். நான் அவரை ஒரு வழி பண்ணிவிட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ விதையோடு குடித்தனம் நடத்துகிறவன், நீ சொல்.

1. முழங்கால் வலி எப்படி?
2. கண்டக்டர் கேட்டதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா?

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அனைவரும் நலமே. உன் நலமும் கோழிகளின் நலமும் தொடரட்டும்.

ஒன்று: முழங்கால் மாடிப்படியைக் கண்டால் அழுகிறது. ஆராய்ச்சி நிலையத்தில் என் அறையைக் கீழே மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு: சட்டப்படி நியாயம் இல்லை. எல்லா இடத்திலும் விதிப் புத்தகம் ஒரே மாதிரிதான் சொல்கிறது. மாற்றிய விதை என்றால் இயற்கை விளைச்சல் என்ற பெயர் கிடையாது. ஆனால் நீ கேட்டது நியாயம் இருக்கிறதா என்று. இருக்கிறது, அக்கா. மற்றவன் சாதாரண விதையைப் போட்டுவிட்டு நோய் வந்ததும் அதைப் பரப்பும் பூச்சிக்கு மருந்தை வாளி வாளியாக அடிக்கிறான். மாற்றிய பப்பாளியில் அந்த நோயைத் தரும் வைரஸின் மேல்தோலிலிருந்தே ஒரு சின்னத் துண்டை எடுத்து மரத்துக்குள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குழந்தைக்கு அம்மை ஊசி போடுவது மாதிரி. அந்த மரத்துக்கு மருந்தே தேவையில்லை. மண்ணில் புழு இருக்கும், பூவில் தேனீ இருக்கும். மண்ணிடம் கேட்டால் இது இயற்கை விவசாயம்தான் என்று சொல்லும்.

நான் ஏதோ வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. கேட்டாய், சொன்னேன். எல்லாத் தோட்டத்திலும் பரிசோதனை செய்கிறார்களா, அல்லது ஒன்றிரண்டில் மட்டுமா? இதுதான் என் கேள்வி.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் கேள்விக்குப் பதில்: இந்த முறை நான்கு தோட்டம், குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். என் தோட்டம் வரவில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். மண்ணிடம் கேட்டாயே, வாங்குகிறவரிடம் கேட்டாயா? வாரா வாரம் என் சாலையோரக் கடைக்கு ஒரு டீச்சர் வருகிறார். பழத்தை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை, நான் கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். அவர் வாங்குவது என் வார்த்தையை. மாற்றிய விதை நல்லதாகவே இருக்கட்டும், அமிர்தமாகவே இருக்கட்டும். அவர் கேட்டது அது இல்லை.

இப்போது நடந்ததைக் கேள். பரிசோதனைக்கு வந்த பெண் பழத்தை அறுத்து, விதையின் கறுப்புத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை ஒரு கரைசலில் போட்டு இளஞ்சூட்டில் வைத்தாள். மாற்றிய விதை என்றால் மறுநாள் நீலமாகிவிடுமாம். மூன்று தோட்டத்துப் பருப்பும் வெள்ளையாகவே இருந்தது. கண்டக்டர் தோட்டத்தில் இருபதில் மூன்று நீலம். பேனா மை மாதிரி நீலம், நானே பார்த்தேன்.

கூட்டம் பழம் பிரிக்கிற கொட்டகையில். உனக்குத் தெரியும், எதிரே நின்று ஒருவர் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன், கூட்டத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது. கண்டக்டர்தான் எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் டிக்கெட் அளவு சீட்டில் எழுதி என் பக்கம் தள்ளுவார். காதில் பென்சில் இருக்கும். அன்றைக்கும் எழுதினார். "கடையில் மாற்றிய விதை வாங்கி நட்டிருக்கிறார் என்கிறார்கள்." அடுத்த சீட்டு: "நம் எல்லோர் சான்றிதழும் போய்விடும் என்கிறார்கள்." அடுத்தது: "என்னை நீக்கச் சொல்கிறார்கள்." தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தானே எழுதித் தந்தார். கடைசிச் சீட்டில் "நான் வாங்கவில்லை" என்று இருந்தது.

நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு நீக்குவதற்குக் கை தூக்கினேன். தலைவர் கை தூக்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

சரியாகத்தான் செய்தேன். ஆனால் அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போட முடியவில்லை, அலமாரியில் வைத்திருக்கிறேன்.

1. அறை கீழே கிடைத்ததா?
2. அந்தக் கரைசல் உங்கள் நிலையத்தில் இருக்கும்தானே? ஒரு புட்டி அனுப்பு. பதினொரு தோட்டத்தையும் நானே பார்த்துவிடுகிறேன். என்னுடையதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அப்போதுதான் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். உன் மனசு சரியில்லை என்று எழுதியது எனக்கும் ஒரு மாதிரி இருந்தது.

அறை கிடைத்துவிட்டது. கீழே, பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் நாற்றுக் கூடத்தின் கண்ணாடிச் சுவர் தெரிகிறது. காலை வெயிலில் கண் கூசுகிறது, மற்றபடி வசதி. தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கிறது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, இது குழாயின் குணம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்டக்டர் விஷயத்தில் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. நல்ல மனிதராகத் தெரிகிறார். சங்கத்தில் மறுபடி ஒரு முறை பேசிப் பாரேன். அவசரம் என்ன?

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு.

அன்புடன்,
தம்பி


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், குழாயைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறவனுக்கு என்ன குறை?

இரண்டு கேட்டேன், ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. கரைசல் எங்கே? அப்பா இருந்திருந்தால் முட்டிக்குக் கீழே ஒன்று வைத்திருப்பார். இப்போது அந்த முட்டியும் சரியில்லை, பிழைத்தாய்.

கண்டக்டர் பழத்தைக் கடை எடுக்கவில்லை. சாலையோரம் குவித்துப் போட்டிருந்தார், மாடுகள் தின்றுகொண்டிருந்தன. அவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பேசலாம் என்று இரண்டடி வைத்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். ஆறு வருடமாகத் தினம் காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஏறுங்க ஏறுங்க, உள்ள தள்ளிப் போங்க" என்று கையைக் காட்டிக் கூப்பிட்டுச் சிரிப்பார். காது கேட்காத எனக்கே அந்தச் சத்தம் இல்லாதது தெரிகிறது.

அவரை நினைக்கும்போதெல்லாம் அந்த வருடம் ஞாபகம் வருகிறது. உன் அத்தான் போய் மூன்றாவது மாதம், தோட்டம் முழுக்க நோய். இலை மஞ்சளாகி, காயெல்லாம் வளையம் வளையமாகத் தடித்து, ஒரு மரம் தப்பவில்லை. எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு பிஸ்கட் டப்பாவில் விதை கொண்டு வந்தாய். அது வந்ததால்தான் இன்றைக்கு நான் தலைவர், இன்றைக்கு நான் ஒரு மனுஷி. சான்றிதழ் விண்ணப்பத்தில் "விதை கிடைத்த இடம்" என்ற கட்டத்தில் "தம்பி கொடுத்தது, நல்ல விதை" என்று எழுதினேன். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். எல்லோருக்கும் உன்னைப் போல ஒரு தம்பி இருந்தால் கடையில் போய் எதையாவது வாங்கி மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

1. கரைசல்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம்.

கரைசலைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், தபாலில் வந்தால் கெட்டுவிடும். வெளிச்சமும் படக் கூடாது. அதனால்தான் அனுப்பவில்லை.

கண்டக்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அந்த விதையை வாங்கவில்லை. வாங்கி நட்டிருந்தால் அவர் பழத்தில் பாதிக்கு மேல், அநேகமாக எல்லாப் பருப்பும் நீலமாகியிருக்கும். இருபதில் மூன்று என்றால் மரம் சாதாரண மரம். மகரந்தம் மட்டும் வெளியிலிருந்து வந்திருக்கிறது, காற்றிலோ பூச்சியிலோ. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. சங்கத்தில் இதைச் சொல்லி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எழுதியதாகவே சொல்.

வேறு செய்தி இல்லை.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம்.

உன் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். இருபதில் மூன்று என்று நான் பிப்ரவரியில் எழுதினேன். படித்த அன்றைக்கே உனக்கு இது தெரிந்திருக்கும். ஏப்ரல் வரை ஏன் சொல்லவில்லை என்று முதலில் யோசித்தேன்.

அப்புறம் கண்டக்டரின் தோட்டத்தைச் சுற்றி நடந்தேன். ஒரு பக்கம் வாய்க்கால், அதற்கு அப்பால் வெறும் பொட்டல். ஒரு பக்கம் செங்கல் சூளை. ஒரு பக்கம் சாலை, எதிர்ப்புறம் பள்ளிக்கூட மைதானம். மாற்றிய விதை போட்டவர்களின் தோட்டம் அதற்கும் அந்தப் பக்கம், வெகுதூரம். நான்காவது பக்கம் நான். வேலியோரம் என் மரங்கள் அவர் மரங்களைத் தோள்மேல் கை போட்டமாதிரி நிற்கின்றன.

கேட்காத காதுக்குக் காது குத்த வேண்டாம், தம்பி.

1. பிஸ்கட் டப்பாவில் இருந்தது என்ன விதை?

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் கேட்டதற்குப் பதில். மாற்றிய விதை.

நலம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு யோக்கியதை இல்லை என்றாலும் விசாரிக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அன்றைக்கு நான் வந்தபோது நீ வரப்பில் உட்கார்ந்து, மடியில் மஞ்சள் இலைகளைப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாய். எதற்கு எண்ணுகிறாய் என்று கேட்டேன். "வேற என்ன வேலை இருக்கு?" என்றாய். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அத்தானை என்னால் திருப்பிக் கொண்டு வர முடியாது. தோட்டத்தை முடியும். அந்த விதை எங்கள் நாற்றுக் கூடத்தில்தான் இருந்தது, நான்தான் வளர்த்தேன். திருட்டு விதை இல்லை, அடுத்த வருடமே சந்தைக்கு வந்துவிட்டது. நீ அப்போது சங்கத்தில் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனாலும் மாற்றியது என்று சொன்னால் தொட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ "என்ன விதை?" என்று கேட்டாய். "நல்ல விதை" என்றேன். பொய் சொல்லவில்லை என்று ஏழு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ சங்கத்தில் சேர்ந்தபோது சொல்லியிருக்க வேண்டும். தலைவர் ஆனபோதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. ஜனவரியில் நீ நியாயம் இருக்கிறதா என்று கேட்டபோது, இருக்கிறது என்று நீயே சொல்லிவிட மாட்டாயா என்று ஏங்கித்தான் அத்தனை நீளமாக எழுதினேன். கண்டக்டர் உனக்குச் சீட்டு எழுதித் தந்ததைப் படித்துவிட்டு ஒரு மாதம் பேனாவைத் தொடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தது போதும். உன் மரங்களை உடனே வெட்டிவிடாதே. நோய் பூச்சி வழியாகத் தோட்டம் தோட்டமாகத் தாவும். உன் மரத்தில் அதற்கு இடமில்லை, அதனால் அங்கேயே நின்றுவிடுகிறது. கண்டக்டரின் சாதாரண மரங்கள் இத்தனை வருடம் தப்பியதற்கு நடுவில் உன் மரங்கள் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கரைசலைக் குளிர்ப் பெட்டியில் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். தபாலில் கெட்டுவிடும் என்றது சாக்கு.

உன் தம்பி


மே 3

இருபதில் இருபது.

சமையலறை ஜன்னலோரம் ஏழு கிண்ணத்தில் ஏழு மரத்து விதை வைத்தேன், கிண்ணத்துக்கு இருபது. காலையில் எல்லாம் நீலம்.

நீ என் உயிரைக் காப்பாற்றினாய் என்று உன் கடிதம் சொல்கிறது. இருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு மனுஷர் தன் மேல் விழுந்த பழியைத் தன் கையாலேயே எழுதித் தந்தார், நான் படித்துவிட்டுக் கை தூக்கினேன். அந்தக் கை என்னுடையது.

நம் வீட்டில் கேள்வி கேட்பதற்கு ஒரு சட்டம் உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னால் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதை இப்போது எழுதி அனுப்பு. அது வரும்வரை முழங்காலைப் பற்றியோ குழாயைப் பற்றியோ எதுவும் எழுதாதே.


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஒவ்வொரு முறையும் எழுத உட்கார்ந்தால் கேள்விக்கு முன்னால் நாலு பக்கம் சப்பைக்கட்டு வந்துவிடுகிறது. கிழித்துப் போடுகிறேன். இரண்டரை மாதமாக இதே கதை. "மூணு வரிதானே, எழுதித் தொலைங்களேன்" என்கிறாள் என் மனைவி. இன்றைக்கு முன்னால் ஒன்றும் எழுதாமல் கேட்டுவிடுகிறேன்.

1. அக்கா, என்னிடம் ஒரு விதை இருக்கிறது. ஆய்வுக் கூடத்தில் மாற்றிய விதை, நோய் வராது. உனக்குப் பிடிக்காது என்று தெரியும். போடலாமா?

தம்பி


ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமா? உன் மனைவிக்கு என் நன்றியைச் சொல், ஒரு வேலையாவது நடந்தது.

முதலில் கேட்டதற்குப் பதில். வேண்டாம்.

வேண்டாம் என்றுதான் அன்றைக்கும் சொல்லியிருப்பேன். தோட்டம் போயிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். நானும் போயிருப்பேனோ என்னவோ, அது உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நீ பயந்துபோய்ச் செய்தாய். உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் மடியில் இலையோடு நான் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தால், உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், பிரித்து எழுத வரவில்லை.

இனி என் கதை. மே மாதமே சங்கத்தைக் கூட்டினேன். ஏழு கிண்ணத்தையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கூட்டத்துக்கு முன்னால் கண்டக்டர் வீட்டுக்குப் போய், "எனக்கு ஒண்ணும் கேக்காது, எழுதித் தர ஆள் வேணும், வருவீங்களா?" என்று கேட்டேன். சங்கத்தில் இல்லாத ஆள் எப்படி வருவது என்றார். கூட்டம் முடியும்போது இருப்பீர்கள் என்றேன். பென்சிலைத் தேடி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, "என் தம்பி" என்று மட்டும் சொன்னேன், எல்லோருக்கும் அதுதான் உன் பெயர். அவர்மேல் தப்பில்லை, மகரந்தம் என் வேலியைத் தாண்டிப் போனது என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் சீட்டு வர ஆரம்பித்தது. "ஒருவர் ஏமாற்றியிருக்கிறீர்கள் என்கிறார்." "இன்னொருவர் தெரியாமல் நடந்தது என்கிறார்." "உங்களை நீக்கச் சொல்கிறார்கள்." "எட்டுப் பேர் கை தூக்கினார்கள்." அந்தச் சீட்டின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள் என்று விரலால் தட்டினார். "இப்போதுதான் என்னைத் திரும்பச் சேர்த்தார்கள். என் முதல் ஓட்டு, நீக்கக் கூடாது என்று போட்டேன். தோற்றுவிட்டோம்" என்று இருந்தது. நான் அந்தக் கூட்டத்தில் அழுதேன், தம்பி. எட்டுப் பேருக்காக அழவில்லை.

சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாலையோரக் கடை மட்டும் இருக்கிறது. கூட்டம் முடிந்த மறுநாளே பலகையில் புதிதாக எழுதி மாட்டினேன்: "இந்த மரங்களுக்கு மருந்தோ உரமோ போட்டதில்லை. விதை மரபணு மாற்றிய விதை. தெரிந்து வாங்கவும்." டீச்சர் வந்தார், இரண்டு முறை படித்தார். "போன வாரம் வரைக்கும்?" என்று கேட்டார், உதட்டைப் பார்த்தே புரிந்தது. அப்போதும் இதேதான், எனக்குத்தான் தெரியாது என்றேன். வழக்கமாக இரண்டு வாங்குவார். அன்றைக்கு ஒன்று வாங்கினார். முதல் முறையாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து மறுபடி ஒன்று வாங்கினார்.

ஆக, கண்டக்டரின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அது இயற்கையா இல்லையா என்று நீயும் நானும் காலம் முழுக்க மல்லுக்கட்டலாம். என் மண்ணில் புழு நெளிகிறது, நீ சொன்னது உண்மை. சங்கம் என்னை வெளியே போகச் சொன்னது, அதுவும் நியாயம். பலகையில் அந்த ஒரு சொல்லைத்தான் நான் எழுதுவதில்லை, மற்றதெல்லாம் எழுதியிருக்கிறேன்.

மரங்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெட்டினால் நோய் அவர் தோட்டத்துக்குத் தாவும், விட்டால் மகரந்தம் தாவும். கோடாலியை எடுத்துக்கொண்டு வேலி வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் நின்று, அவரைக் கூப்பிட்டு, நீ எழுதியதை அப்படியே சொல்லி, "வெட்டட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் வேலியோர மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதித் தந்தார். "கேட்டதற்கு நன்றி. ஒரு வாரம் டைம் கொடுங்கள்."

சரியாக ஒரு வாரம் கழித்து வந்தார். "வேலியோரம் மூணு வரிசையை எடுத்துடுங்க, மகரந்தம் அவ்வளவு தூரம் வராதாம், அந்தப் பரிசோதனைப் பொண்ணு சொல்லிச்சு. மிச்சம் இருக்கட்டும். நோய் வந்தா முன்சீட்டுல உங்க மரங்க உக்காந்து தடுக்கட்டும்" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்று வரிசையையும் வெட்டினோம். இப்போது காலையில் அவர் கையைக் காட்டிக் கூப்பிடுவது அங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது.

அந்த மூன்று வரிசையும் காலியாகக் கிடக்கிறது. பப்பாளி வேண்டாம், வேறு ஏதாவது போடலாம் என்று இருக்கிறேன். முழங்கால் இடம் கொடுத்தால் வா. வரும்போது உன் நிலையத்திலிருந்து விதை கொண்டு வா, எது வேண்டுமானாலும் கொண்டு வா. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அது என்ன விதை, எப்படி வந்தது என்று எழுதிக் கொண்டு வா. எதைப் போடுவது என்று நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

1. முழங்கால் எப்படி?
2. எந்த ரயிலில் வருகிறாய்?

அன்புடன்,
அக்கா